புதுத் தண்ணீரைப் பழக்குதல்

புது மண்சட்டியை வாங்கி வந்த அன்றைக்கே அதில் குழம்பு வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. வடிகஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, அடுப்பிலே காய விட்டு, 'சட்டியைப் பழக்கின' பிறகே அது சமையலுக்கு ஆகும். இவ்வளவு பொறுமையும் முன்யோசனையும் உள்ள அதே குடும்பம், குழந்தைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி ஒரு கண்ணாடி மீன் தொட்டி வாங்கும்போது மட்டும் அவற்றையெல்லாம் மறந்துவிடுகிறது. காலையில் தொட்டி வருகிறது. பகலில் குழாய்த் தண்ணீர் நிரம்புகிறது. மாலையில் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீன்கள் பையில் மிதந்துகொண்டு வந்து சேருகின்றன. அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. தொட்டியைச் சுற்றித் திருவிழாதான்.

ஐந்தாம் நாள் ஒரு மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து திணறுகிறது. ஆறாம் நாள் அது மிதக்கிறது. பத்தாம் நாளுக்குள் பாதித் தொட்டி காலியாகிவிடுகிறது. மீன் விற்றவர் நோயுள்ள மீனைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்கிறார் வீட்டு எஜமானர். பக்கத்து வீட்டு அம்மாளின் கண் பட்டுவிட்டது என்கிறார் பாட்டியார். குழந்தைகள் ஒன்றும் சொல்வதில்லை, அழுகின்றன. பெரும்பாலும் இந்த வழக்கில் மீன் விற்றவரும் குற்றவாளி அல்லர், பக்கத்து வீட்டு அம்மாளும் அல்லர். தொட்டியிலிருந்த தண்ணீர் பார்வைக்குப் பளிங்குபோல் இருந்தது; ஆனால் அது இன்னும் பழகாத தண்ணீர்.

தண்ணீர் பழகுவதாவது என்ன? அதைத் தெரிந்துகொள்ள நேயர்களைச் சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பழவேற்காட்டு ஏரியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் டச்சுக்காரர்களுடைய கோட்டையைப் பற்றியும் கல்லறைகளைப் பற்றியும் சொல்லி, செந்நிறச் சிறகு விரிக்கும் பூநாரைகளில் கொண்டுபோய் முடிப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்த ஏரியின் அடியிலே கிடக்கும் கறுத்த சேறு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இது. நீளம் அறுபது கிலோமீட்டர் அளவுக்கு இருந்தும், பல இடங்களில் ஆழம் மனிதனுடைய இடுப்புக்கு மேல் போகாது. இருளர் குலப் பெண்கள் அந்தத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கைகளாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் பல்லிடையே கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். மடவையும் இறாலும் நண்டும் கணக்கின்றி அதில் உண்டு, கழித்து, செத்து, மக்குகின்றன. கரையில் உள்ள குப்பங்களின் கழிவும் அதில்தான் சேருகிறது. இத்தனையும் ஆண்டாண்டு காலமாக நடந்தும் ஏரி ஏன் நஞ்சுக் குட்டையாகிவிடவில்லை?

மீன் உண்ட உணவில் உள்ள புரதத்தின் கழிவு, பெரும்பகுதி அதன் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளிப்படுகிறது. மிஞ்சிய இரையும் மலமும் அழுகும்போதும் அம்மோனியாதான் உண்டாகிறது. அம்மோனியா மீனின் செவுளைப் புண்ணாக்கி மூச்சை முட்டச் செய்யும் நஞ்சு. ஆனால் உலகத்தில் எந்த நஞ்சையும் இரையாகக் கொள்ளும் ஜீவன் ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்கிறது? சேற்றிலும் மணலிலும் கல்லின் மேலுள்ள வழுவழுப்பிலும் ஒட்டி வாழும் ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, இரத்தத்தைக் காப்பிக் கொட்டையின் நிறமாக்கிவிடும். அப்போது இரண்டாவது வகை நுண்ணுயிர்கள் வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட்டு மிதமான அளவில் மீனுக்குத் தீங்கு செய்யாது. பாசிக்கும் செடிக்கும் அது எருவே. வயலில் நம் குடியானவன் இடும் சாணம் பயிருக்கு உணவாவதும் இதே வேலையாட்களின் உழைப்பால்தான்.

இது வெகு காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1850-ம் வருஷத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரஸாயன சாஸ்திரி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் போட்டு, தண்ணீரை மாற்றாமலே வளர்த்துக் காட்டினார். செடி பிராணவாயுவைக் கொடுக்கிறது, நத்தை அழுகிய இலையைத் தின்கிறது, ஆகையால் எல்லாம் சமநிலையில் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. மேசையில் உட்கார்ந்தவர்களை எண்ணினாரே ஒழிய, அடுக்களையில் வேலை செய்தவர்களை அவர் எண்ணவில்லை.

எண்ணியவர்கள் ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். 1877-ம் வருஷம் அவர்கள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லக் கசிய விட்டார்கள். மேலே அம்மோனியா போயிற்று. கீழேயும் அம்மோனியாவே வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய இருபது நாள் ஒரு மாறுதலும் இல்லை. அதன் பிறகு கீழே நைட்ரேட்டு வரத் தொடங்கிற்று. வெறும் ரஸாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் அல்லவா? உயிருள்ளது எதுவோ அந்த மணலில் குடியேறிப் பெருகுவதற்குத்தான் இருபது நாள் பிடித்தது. அதை நிச்சயப்படுத்திக்கொள்ளக் குழாயில் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட்டு நின்றுவிட்டது. பிறகு ஆவியை நீக்கி, தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரில் சிறிது ஊற்றினார்கள். வேலை மறுபடி ஆரம்பமாயிற்று. பதின்மூன்று வருஷங்கள் கழித்து வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து உலகத்துக்குக் காட்டினார்.

மீன் தொட்டி வைக்கிறவர்கள் இந்த ஒரு பரிசோதனையை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். சந்தையிலிருந்து வந்த புதுத் தொட்டி, முதல் நாளைய கண்ணாடிக் குழாய்க்குச் சமானம். அதில் வேலையாட்கள் இல்லை. வந்தாலும் சீக்கிரத்தில் பெருகமாட்டார்கள். பாலைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மணிக்கணக்கில் பன்மடங்காகும். இவை ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கின்றன. பழவேற்காட்டுச் சேற்றில் இந்தப் படை தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. அதோடு ஏரிக்கு வேறு சௌகரியங்களும் உண்டு. சேற்றின் ஆழத்தில் காற்று புகாத இடங்களில் வாழும் இன்னொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகின்றன. மிச்சத்தைப் பாசியும் நீர்ப்புல்லும் உண்கின்றன. அதற்கும் மிஞ்சினதை முகத்துவாரத்தின் வழியே கடலின் ஏற்றவற்றம் கழுவிச் செல்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டுப் போகிற கோடைகளில் மீனவர்கள் பதறுவதற்குக் காரணம் படகு போக வழியில்லை என்பது மட்டுமல்ல. தண்ணீர் தேங்கிக் காய்ந்து கடலைவிட உப்பாகி, மீன் வரத்தும் நின்று, ஏரியே மூச்சுத் திணறுகிறது. நம் கூடத்துத் தொட்டிக்குச் சேறும் இல்லை, முகத்துவாரமும் இல்லை. வாரந்தோறும் நாம் மொண்டு ஊற்றும் வாளிதான் அதற்கு ஏற்றவற்றம்.

ஆகவே, முதலில் தொட்டி, பிறகு தண்ணீர், அதன் பிறகு காத்திருத்தல், கடைசியில்தான் மீன். காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பட்டணத்துக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். அது கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பாகுபாடு பார்ப்பதில்லை. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலும், பழைய போட்டோக்காரர்கள் உபயோகித்த ஹைப்போ உப்பில் ஒரு சில கற்களைப் போட்டாலும் அது போய்விடும். அடியில் கழுவிய மணல் பரப்பி, காற்று ஊதும் சிறு இயந்திரத்தோடு ஒரு பஞ்சு வடிகட்டியைப் பொருத்தி, இரவும் பகலும் ஓட விட வேண்டும். நம் வேலையாட்கள் பிராணவாயு இன்றி வாழமாட்டார்கள். அந்தப் பஞ்சின் துவாரங்கள்தான் அவர்கள் குடியிருக்கப் போகும் வீதிகள்.

வீதி இருந்தால் போதுமா? சாப்பாடு வேண்டாமா? மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவி அழுக விடுவதே அவர்களுக்குச் சாப்பாடு. வெறும் தண்ணீரை ஒரு மாதம் ஓட விட்டு, 'நாங்களும் காத்திருந்தோமே' என்று சொல்லுகிறவர்கள், நெல் விதைக்காமல் நீர் மட்டும் பாய்ச்சின குடியானவனைப் போன்றவர்கள். மீன் நலமாக இருக்கும் பழைய தொட்டி சிநேகிதர் வீட்டில் இருந்தால், அதிலிருந்து ஒரு பிடி மணலோ, வடிகட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டோ வாங்கி வந்து போடுவது எல்லா உபாயங்களிலும் சிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தோட்டத்து மண் கழுவிய நீரை ஊற்றினார்களே, அதே வித்தைதான். தயிருக்கு உறை குத்தத் தெரிந்த வீட்டில் இதை விவரிக்க வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். இதுதான் ஆபத்தான கட்டம். மீனுக்கல்ல, இல்லத்தரசியின் பொறுமைக்கு. 'தொட்டி நாறிவிட்டது' என்று எல்லாவற்றையும் கொட்டி, பஞ்சையும் மணலையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பினால், கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். மங்கலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால் தானே தெளியும். பின்னாட்களிலும் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

தண்ணீர் பழகிவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சொட்டு மருந்துகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட்டு ஏறும். இரண்டும் இறங்கிப் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட்டு மட்டும் தென்பட்டால் தண்ணீர் தயார். இதற்கு மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். குளிர் தேசத்தாருக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் நுண்ணுயிர்கள் சற்றுச் சுறுசுறுப்பாகவே பெருகுகின்றன.

ஆனால் அந்த வெப்பத்திலேயே நமக்கு ஒரு பாதகமும் உண்டு. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் ஒரே மாதிரி கொடியதல்ல. தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருக்க இருக்க, அதில் நஞ்சாக இருக்கும் பங்கு கூடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில், காரமும் புளிப்பும் இல்லாத நடுநிலைத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவத்தில் இராது. அதே வெப்பத்தில், சென்னையின் பல கிணறுகளில் இருப்பதுபோல் கார எண் 8 உள்ள தண்ணீரில் அது நூற்றில் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். குளிர் தேசத்துப் புஸ்தகத்தைப் பார்த்து 'இவ்வளவு அம்மோனியா இருந்தால் பரவாயில்லை' என்று இருந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நைட்ரைட்டுக்கு மட்டும் நம் அடுக்களையிலேயே ஒரு மாற்று இருக்கிறது. நன்னீர் மீன் தன் உடம்புக்கு வேண்டிய உப்பைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்கிறது. நைட்ரைட்டு அந்த வாசல் வழியாகவே திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. தண்ணீரில் உப்பு போதிய அளவு இருந்தால் வாசலில் கூட்டம் நெருக்கி நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டாலே பெரும் பாதுகாப்பு. உவர்நீரில் வாழும் பழவேற்காட்டு மீன்களுக்கு இந்த மருந்தை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அவை அதிலேயே பிறந்து வளருகின்றன.

தண்ணீர் பழகிய பிறகாவது பன்னிரண்டு மீனையும் விடலாமா? கூடாது. அதுவரை ஒரு சிட்டிகை தீனியைத் தின்று பழகின படை, ஒரே நாளில் பன்னிரண்டு பேருடைய கழிவைச் சமாளிக்காது. இரண்டு மீன் விட்டு இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அளவுகள் ஏறவில்லை என்றால் இன்னும் இரண்டு. இந்த இடத்தில் பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய கிராமத்தார் ஏரியில் இறால் மிகுந்த இடங்களைப் பாடுகளாக வகுத்து, யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாரும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. அந்த முறையில் குறைகளும் உண்டு. பாட்டின் உரிமை பட்டினவர் குலத்து ஆண்களுக்கே என்பதும், இருளர் முதலான மற்றவர்கள் அதற்கு வெளியே நிற்க வேண்டியிருப்பதும் நியாயமென்று நம்மால் சொல்ல முடியாது. ஆயினும், தண்ணீர் ஒரு சமயத்தில் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஆட்களை இறக்குகிற புத்தி அதில் இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களும் இதே கடலோரத்துக்கு வந்தார்கள். 1990-களின் ஆரம்பத்தில், அன்னிய நாட்டுச் சந்தையை நம்பி, கிழக்குக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் தோண்டப்பட்டன. குளத்தில் குஞ்சுகளை நெருக்கி விட்டு, தீனியைக் கொட்டி, கழிவு மிஞ்சிப் போன தண்ணீரை வாய்க்காலிலும் கழியிலும் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் இறைத்துக்கொண்டார்கள். நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நடக்கிற அதே தவறு, ஏக்கர்க் கணக்கில் நடந்தது. ஒரு வித்தியாசம்: தொட்டி கெட்டால் நம் மீன் சாகும்; பண்ணை கெட்டால் அடுத்தவன் குடிநீரும் வயலும் வலையும் கெடும். தஞ்சைக் கடலோரத்துக் கிராமத்தாரின் முறையீட்டைக் கேட்டு, 1942-ம் வருஷத்துப் போராட்டத்தில் சிறை சென்ற சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் 1994-ல் ஸுப்ரீம் கோர்ட்டின் படியேறினார். 1996-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. சில்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளுக்கும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று நீதிபதிகள் பெயர் குறித்தே உத்தரவிட்டார்கள்; பழைய முறையில் வளர்ப்போருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். 2005-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றிக் கரையோர வளர்ப்புக்கென்று ஓர் ஆணையத்தை நியமித்தது. தீர்ப்பு வருமுன்பே பல பண்ணைகளை வெண்புள்ளி நோய் வாரிக்கொண்டு போய்விட்டிருந்தது. நெருக்கத்தில் நோய் பரவுவதற்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டுமா?

தொட்டிக்குத் திரும்புவோம். எந்த மீனை முதலில் விடுவது? தண்ணீர் கெட்டுப்போனால் 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' ஒன்று வாங்கி விடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த முரட்டுச் செதில் மீன் பாசியைத் தின்பது மெய்தான். தின்றதைக் கழிக்காமலா இருக்கும்? அம்மோனியாவைக் குறைக்க இன்னொரு அம்மோனியா ஆலையைக் கொண்டுவருகிற காரியம் இது. அது முழங்கை நீளம் வளர்ந்த பிறகு இரக்கப்பட்டு ஏரியிலோ குளத்திலோ கொண்டு விடுகிறவர்கள், நாட்டு மீன்களுக்குச் செய்யும் தீங்கு சொல்லி முடியாது.

அதைவிட நம் நாட்டுச் 'செல்லக்காச'ஐப் பற்றி நேயர்கள் விசாரிக்கலாம். மஞ்சள் உடம்பில் வரிசை வரிசையாகச் செம்புள்ளியும், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டும் வைத்த, விரல் நீள மீன் அது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீர், உவர்நீர் இரண்டிலும் வாழ்வது. மலையாளத்தார் கொண்டாடும் கரிமீனுக்குத் தம்பி முறை; கரிமீனின் உடம்பில் ஒட்டிய அழுக்கையும் ஒட்டுண்ணியையும் கொத்தித் துப்புரவு செய்யும், சமயம் வாய்த்தால் அண்ணன் வீட்டு முட்டைகளையும் தின்றுவிடும்! கணக்குப் பார்த்தால் இதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது மடகாஸ்கர் தீவில். ஐரோப்பியரும் அமெரிக்கரும் வெகு காலமாக இதை ஆசையோடு வளர்த்து வருகிறார்கள். நம் வீடுகளில்தான் அபூர்வம். நம்முடைய கடினமான கிணற்று நீரும் ஒரு சிட்டிகை உப்பும் இதற்கு ஒத்துக்கொள்ளும். பழகாத தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளாது. ஏரி சரணாலயமாகையால் அங்கே போய்ப் பிடித்து வரலாகாது. தொட்டியில் வளர்த்துப் பெருக்கியவர்களிடமிருந்தே வாங்க வேண்டும்.

ஒரு ஜோடி போதும். அவை கல்லொன்றைத் தேய்த்துத் துடைத்து முட்டையிட்டு, தாயும் தகப்பனும் முறை வைத்துக் காவல் நிற்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கின பின் பெற்றோரின் விலாவில் வந்து வந்து மோதும். உடம்பின் மேல் சுரக்கும் வழுவழுப்பைச் சிறிது சிறிதாகக் கொத்தித் தின்னும். அந்த வாரங்களில் தண்ணீரைப் பாதியாக இறைத்து மாற்ற வேண்டாம்; தினம் ஒரு செம்பு எடுத்து, ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் ஒரு செம்பு ஊற்றினால் போதும்.